மூடுபனிக் காலத்தில் டிரையர்

ஐப்பசி, கார்த்திகையில் கொல்லிமலை குண்டனி நாட்டுப் பக்கம் மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் கொடித்துணி லேசில் காயாது. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் டிரையர்தான் அப்போது கைகொடுக்கும். துணியைச் சமமாகப் பரப்பி, மேலே உள்மூடியை அழுத்தி வையுங்கள். ஒரு பக்கம் கனத்தால் தொட்டி தடதடவென்று ஆடும். ரெயின்கோட், தார்ப்பாய் ஒருபோதும் போடாதீர்கள். அவற்றுக்குள் நீர் வெளியேறாமல் தேங்கி, சுழலும் வேகத்தில் மெஷினே உடையலாம்.

தொட்டி முழுதாக நின்ற பிறகே கையை விடவேண்டும். மூடியைத் திறந்தும் சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் பழுது. மெக்கானிக் பார்க்கும்வரை தொடவே வேண்டாம், குழந்தைகள் உள்ள வீடென்றால் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். அடிப்பக்கம் எலி புகுந்து வயரைக் கடிக்கும், வலை அடித்துவிடுங்கள். பிழிந்த துணியை விறகடுப்புக்கு மேலே மட்டும் கட்டிவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.