மாடல் முடிந்தால் டிராயிங் தானாக வருமா?

கேள்வி: ஸ்டீல் டிடெய்லிங்குக்காக டெக்லா மென்பொருள் படிக்கிறேன். மாடல் சரியாக இருந்தால் ஷாப் டிராயிங்கை மென்பொருளே போட்டுவிடுமே, பிறகு நாம் எதற்கு?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தாள் வரும், பட்டறைக்குப் புரியும்படி வராது. முதலில் நம்பரிங். ஒரே மாதிரித் துண்டுகளுக்கு ஒரே குறியீடு அங்கேதான் கிடைக்கிறது. மாடலைத் திருத்தினால் நம்பரிங்கை மறுபடி ஓட்டி, தாளையும் புதுப்பியுங்கள்.

உண்மையான வேலை அளவுகளில்தான். மென்பொருள் அவற்றை நெருக்கியடித்து எழுதிவிடும். துளை போடுபவரோ பீமின் ஒரு முனையிலிருந்து தொடர்ச்சியாக அளப்பவர். அவர் அளக்கும் அந்த வரிசையிலேயே அளவுகளைக் கொடுங்கள். எம்20 போல்ட்டுக்குத் துளை 22 மி.மீ. (ஐ.எஸ். 800:2007), அதையும் சரிபாருங்கள். மாடலில் வெல்டு வைக்க மறந்திருந்தால் தாளிலும் குறி இருக்காது.

கிண்டி தொழிற்பேட்டை உங்களுக்குப் பக்கம்தானே? ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் அனுமதி கேட்டு, ஃபிட்டர் தாளை எந்த வரிசையில் படிக்கிறார் என்று நின்று பாருங்கள்.