நாடகப் பேராசான்

தூத்துக்குடியில் 1867-ஆம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் சிறந்து விளங்கினார். ஒருநாள் விடியலில், வேடம் கலையாது வந்த அவரைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்தி உயிர் நீத்தாள் என்பர். அதுமுதல் அவர் வேடம் புனைதலை விடுத்தார். புகழ்பெற்ற நடிகருக்கு இஃது எளிய செயலன்று.

பின்னர்ப் பல தலங்களை வழிபட்டுப் புதுக்கோட்டையை அடைந்தார். கஞ்சிராவை இசையரங்கில் ஏற்றிவைத்த மான்பூண்டியா பிள்ளை, அவரை மகனாகவே ஏற்றுத் தாள நுட்பங்களைக் கற்பித்தார். சுவாமிகளின் நாடகப் பாடல்களில் அமைந்த தாளக்கட்டு அங்குப் பெற்ற செல்வமே.

அக்காலத்து நடிகர் பலர் மேடையில் மனம்போனவாறு பேசினர். ஆசிரியர் எழுதிய உரைக்கு மதிப்பில்லை. இக்குறையைக் களையக் கருதிய சுவாமிகள், சிறுவரைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சிறுவர்க்குப் பாட்டும் வசனமும் நடிப்பும் அவரே பயிற்றினார். அவர்களுள் ஒருவர் ஆறு வயதினரான தி. க. சண்முகம். அச்சிறுவர் நடித்தற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தாராம்!

சுவாமிகள் 1922-இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்துச் சண்முகமும் உடன்பிறந்தாரும் சொந்தக் குழுவொன்றைத் தொடங்கி, ஆசிரியரின் நாடகங்களை ஊர்தோறும் நடத்தினர்.