வெளியூர் ஆய்வகக் கருவி வேண்டுமா?

எலக்ட்ரான் நுண்ணோக்கி, என்.எம்.ஆர். போன்ற கருவிகள் உங்கள் கல்லூரியில் இல்லையா? மத்திய அரசு 2020-இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையதளத்தில், நாட்டின் பல ஆய்வகங்களில் உள்ள கருவிகளைத் தேடி முன்பதிவு செய்யலாம்.

• கருவியின் பெயர் மட்டும் போதாது. மாடலையும் அளவீட்டு வரம்பையும் பாருங்கள்.

• இரண்டு மூன்று ஆய்வகங்களின் கட்டணத்தையும் காத்திருப்பு நாட்களையும் ஒப்பிடுங்கள். கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு.

• என்.எம்.ஆர். என்றால் மாதிரி எந்தக் கரைப்பானில் கரையும் என்று படிவத்தில் எழுதுங்கள். சாதாரண எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நன்றாக உலர்த்தி அனுப்புங்கள். உள்ளே வெற்றிடம், ஈரம் ஆகாது.

• குப்பியின் மேல் பதிவு எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். கொஞ்சம் மாதிரியைக் கையிருப்பில் வையுங்கள்.

• தேதி ஒத்துவராவிட்டால் உடனே ரத்து செய்யுங்கள். காத்திருப்பவருக்கு அந்த நேரம் கிடைக்கும்.