அளக்கப்படுபவர் பக்கம் நின்று நடத்துங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

எம்.காம். மாணவர்களுக்கு மேலாண்மைக் கட்டுப்பாட்டு முறைமைகள் தாளை இந்த ஆண்டு நீங்கள் எடுக்கப்போவதாக அறிந்தேன். மகிழ்ச்சி. ராபர்ட் ஆன்டனி 1965இல் வகுத்த திட்டமிடல், கட்டுப்பாட்டின் மூன்று அடுக்குகளில் தொடங்கி, திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் வேரியன்ஸ் கணக்கில் முடித்துவிடுவது நம் வழக்கம். பிள்ளைகள் கணக்கைப் பிசகில்லாமல் போடுவார்கள். அந்த எண் யார் மேசைக்குப் போகிறது, பார்த்தவர் அடுத்து என்ன செய்வார் என்று கேட்டால் விழிப்பார்கள். இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதல் வாரமே ஒரு கணக்குக் கொடுங்கள். ஒரு பிரிவின் முதலீடு 10 கோடி, லாபம் 2 கோடி. முதலீட்டின் மீதான வருவாய் 20 சதவீதம். புதிதாக 5 கோடித் திட்டம் ஒன்று வருகிறது. ஆண்டுக்கு 80 லட்சம், அதாவது 16 சதவீதம் தரும். மூலதனச் செலவு 12 சதவீதம்தான் என்பதால் நிறுவனத்துக்கு அது நல்ல திட்டம். ஆனால் ஏற்றுக்கொண்டால் பிரிவின் வருவாய் 18.67 சதவீதமாக இறங்கும். மேலாளரின் போனஸ் அந்தச் சதவீதத்தைப் பொறுத்தது. "உங்கள் நாற்காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவர்கள் வாதாடட்டும். பிறகு மூலதனச் செலவைக் கழித்து மிஞ்சுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டத்தை ஏற்றால் பிரிவின் மிச்சம் 80 லட்சத்திலிருந்து ஒரு கோடியாவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு மட்டும் ஒரு வாரம் முழுதாக ஒதுக்குங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது அந்த அமெரிக்க வங்கி வைத்த இலக்கு. இலக்கை எட்ட முடியாத கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, அதற்குள் ஏறக்குறைய 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். 2020இல் மேலும் 300 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இத்தனைக்கும் விழுமியங்களைச் சொல்லும் கையேடு ஒன்று அந்த வங்கியில் இருந்தது. ராபர்ட் சைமன்ஸ் 1995இல் எழுதிய கட்டுப்பாட்டின் நான்கு நெம்புகோல்களை இதன்பிறகு நடத்துங்கள். நம்பிக்கைகளும் எல்லைகளும் காகிதத்தில் கிடக்க, இலக்கை அளக்கும் நெம்புகோல் மட்டும் இறுகினால் என்ன ஆகும் என்பது அப்போது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஊழியர்களின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் எழுதி முடிக்கும் விடைத்தாளை ஏற்காதீர்கள். இலக்கை வைத்தவர் யார், தினமும் அதை விசாரித்தவர் யார் என்று எழுத வையுங்கள்.

எல்லா உதாரணமும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீட்டுப் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். லிட்டருக்கு மட்டும் காசு என்றால் தண்ணீர் கலக்கத் தோன்றும். கொழுப்பையும் இதர திடச்சத்தையும் சோதித்து விலை வைத்தால் அந்த ஆசைக்கு இடம் குறையும். சோதிப்பவரை யார் சோதிப்பது என்று அடுத்துக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகள் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பாடநூலில் இல்லாததைச் சொல்வார்கள்.

இப்படி நடத்தினால் பாடத்திட்டம் முடியாது என்று துறைத்தலைவர் கவலைப்படுவார். ஆனாலும் அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது. "நான்கு வகைகளை விளக்குக" என்பதை விட்டுவிட்டு, தாங்கள் அறிந்த ஒரு கடையிலோ சங்கத்திலோ எது அளக்கப்படுகிறது, அதனால் அங்கே யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். வந்த தாள்களில் சிலவற்றை எனக்கும் அனுப்புங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்