முன்பணம் வாங்கிய பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மின் தேங்காய்த் துருவியை வீட்டில் எல்லாரும் ஓட்டிப் பார்த்தோம். சத்தம் குறைவாக இருக்கிறது, விரல் உள்ளே போகாதபடி தடுப்பு வைத்திருக்கிறாய், கழற்றிக் கழுவவும் முடிகிறது. முதுகு வளையாமல் தேங்காய் துருவ ஒரு வழி வந்ததே என்று உன் அத்தைக்குப் பெரிய சந்தோஷம். முன்பதிவு தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: தாமதமானால் ஜனங்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

சமையலறைச் சாமான் விற்கும் கம்பெனிகளில், வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதியே தலை நரைத்தவன் நான். நாள் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது, தம்பி. மாதக்கணக்கில் முகம் சுளிக்காமல் காத்திருந்தவர்களும் உண்டு. சொன்ன தேதிக்கு மறுநாளே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்றவர்களும் உண்டு. சில வேளை இருவரும் ஒரே ஆள்தான். ஒரு கம்பெனியிடம் பொறுத்தவர் இன்னொரு கம்பெனியிடம் பொறுக்கவில்லை. ஆகவே உன் கேள்வியை நான் திருப்பிக் கேட்கிறேன்: அவர்கள் பொறுப்பதற்கு நீ என்ன செய்யப்போகிறாய்?

அமெரிக்காவில் நடந்த ஒரு கதையை நீ விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரத்தில் ரையன் கிரெப்பர் என்பவர் ‘கூலஸ்ட் கூலர்’ என்று ஒரு ஐஸ் பெட்டியை வடிவமைத்தார். மூடியில் பேட்டரியில் ஓடும் பிளெண்டர், பாட்டுக் கேட்க ஸ்பீக்கர், போனுக்கு சார்ஜர் எல்லாம் உண்டு. 2013 கடைசியில், பொருள் செய்வதற்கு முன்பே ஜனங்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் 1,25,000 டாலர் கேட்டார், அது திரளவில்லை. 2014 கோடையில் 50,000 டாலர் மட்டும் கேட்டார். இந்த முறை 62,642 பேர் சேர்ந்து 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். அந்தத் தளத்தில் அதுவரை எந்தப் பொருளுக்கும் அவ்வளவு பணம் வந்ததில்லை. 2015 பிப்ரவரியில் கையில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்.

பிப்ரவரி போனது, கோடையும் வந்தது. பிளெண்டர் மோட்டார் செய்துகொடுத்த சப்ளையரின் ஆலையில் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தது. இதுவரை நடந்தது எந்தத் தொழிலிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள், பதிவு செய்தவர்களில் பெரும்பகுதியினருக்குப் பெட்டி போய்ச்சேராத நிலையில், அதே பெட்டி அமேசானில் விற்பனைக்கு வந்தது. கூடுதல் விலை கொடுத்தால் யாரும் உடனே வாங்கலாம். ஒரு வருஷத்துக்கு முன்பே பணம் கட்டியவர், பக்கத்து வீட்டுக்காரர் நேற்று ஆர்டர் செய்த பெட்டியைத் திறப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

கிரெப்பரின் கணக்கையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலோரிடம் அவர் வாங்கியது 200 டாலருக்கும் குறைவு. பெட்டியைச் செய்து வீட்டு வாசல்வரை கொண்டுசேர்க்க அதற்கு மேல் செலவானது. வெளியே விற்று வரும் லாபத்தில்தான் மிச்சப் பேருக்குச் செய்துதர முடியும் என்றார். கூட்டிக் கழித்தால் அது பொய்யில்லை. ஆனாலும் காத்திருந்தவர்களின் மனம் அங்கேதான் முறிந்தது. 2016-இல், சீக்கிரம் வேண்டுமானால் இன்னும் 97 டாலர் கட்டுங்கள் என்று கேட்டபோது மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. ஒரேகான் அரசின் நீதித்துறை விசாரித்து 2017-இல் ஓர் உடன்பாடு செய்துவைத்தது. 2019 டிசம்பரில் கம்பெனியே மூடப்பட்டது. சீனப் பொருட்கள் மீதான இறக்குமதி வரியைக் காரணம் காட்டினார்கள். சுமார் 20,000 பேருக்குப் பெட்டி கடைசிவரை வரவில்லை.

இந்தக் கதையில் உனக்கு இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது விலை. முன்பதிவு விலையை ஆசை காட்டுவதற்காகக் குறைத்து வைக்காதே. மோல்டு செலவு, கெட்டுப்போகும் முதல் லாட், கூரியர், ஜி.எஸ்.டி., திரும்பி வரும் பொருள், உத்தரவாதக் காலத்தில் மாற்றித்தரும் மோட்டார் இத்தனையும் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வரும் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு கடன். ஆர்டர் கூடக் கூட நீ மூழ்குவாய்.

இரண்டாவது பாடம் வரிசை. காத்திருப்பதைப் பற்றி டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் எங்கள் தொழிலில் பேசப்படுகிறது. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், நியாயமில்லாத காத்திருப்பும் உண்மையில் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். மூன்றிலும் கடைசியைத்தான் நான் மிகக் கொடியது என்பேன். ரேஷன் கடை வரிசையில் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்பவர், பின்கதவு வழியாக ஒருவர் சர்க்கரை வாங்கிப் போவதைக் கண்டால் அந்த நொடியில் கொதித்துப்போவார். அதுவரை நின்ற ஒரு மணி நேரமும் அவருக்கு அப்போதுதான் உறைக்கும். எனவே பணம் கட்டிய வரிசை எதுவோ அதுவே அனுப்பும் வரிசை. பெரிய கடைக்காரர் நூறு பீஸ் ரொக்கத்துக்குக் கேட்டாலும், யூடியூபில் சமையல் வீடியோ போடுபவர் இலவசமாகக் கேட்டாலும், முன்பதிவு முழுவதும் போய்ச்சேரும்வரை இல்லை என்று சொல். அந்த நேரத்தில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் உனக்குப் பணம் முடையாக இருக்கும்.

தேதிக்கு வருகிறேன். வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் ஈதன் மாலிக் கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை சொன்ன தேதிக்குப் பிந்தியே பொருளைக் கொடுத்தன என்று காட்டினார். கேட்டதைவிட அதிகப் பணம் குவிந்தவை இன்னும் தாமதமாயின என்பதும் அதில் உண்டு. முந்நூறு பீஸை உன் பட்டறையிலேயே கையால் கோத்துவிடலாம். மூவாயிரம் என்றால் கோக்க ஆளும் இடமும் வேறு, சோதிக்கும் முறையே வேறு. அதனால் முன்பதிவுக்கு ஒரு எல்லை வை. உன்னால் ஒரு தவணையில் செய்யக்கூடியது எவ்வளவோ அத்தோடு மூடிவிடு. மிச்சப் பேரிடம் பணம் வாங்காமல் பெயரை மட்டும் எழுதிக்கொள்.

தேதி சொல்வதற்கு முன் பட்டறையில் உட்கார்ந்து யோசி. பிளாஸ்டிக் மோல்டில் முதலில் அடித்து எடுக்கும் மாதிரி அநேகமாகச் சரியாக வராது. மூடி பொருந்தாது, ஓரத்தில் பிசிறு நிற்கும். திருத்தத் திரும்ப அனுப்பினால் வாரக்கணக்கில் போகும். பி.ஐ.எஸ். சான்றுக்கு ஐ.எஸ். 302 பாதுகாப்புத் தரப்படி ஆய்வகத்தில் சோதிப்பார்கள். அதில் ஒன்று தவறினால் வடிவமைப்பையே தொட வேண்டியிருக்கும். நீ கோயம்புத்தூரில் செய்கிறாய். ஆயுத பூஜையில் தொடங்கி தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பும்வரை வைண்டிங்கும் பாலிஷும் பழைய வேகத்தில் நடக்காது. சர்க்யூட் போர்டு சீனாவிலிருந்து வருவதாக எழுதியிருந்தாய். அங்கே புத்தாண்டுக்கு ஆலைகள் வாரக்கணக்கில் மூடும், திறந்த பிறகும் தொழிலாளிகள் எல்லாரும் ஒரேயடியாகத் திரும்புவதில்லை. இவை எதிர்பாராத தடங்கல்கள் அல்ல. விடுமுறைகளோ நாட்காட்டியில் அச்சிட்டே இருப்பவை. இவற்றைக் கூட்டிய பிறகு வரும் மாதத்தைச் சொல். போட்டிக் கம்பெனி அதைவிட முந்திய தேதி போட்டாலும் போட்டுக்கொள்ளட்டும்.

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்: ஏதாவது விசேஷத்துக்காக வாங்குகிறீர்களா? எனக்கு வந்த கடிதங்களில் மிகக் கோபமானவை பெரும்பாலும் அப்படி வாங்கியவர்களிடமிருந்துதான் வந்தன. மகளின் சீரில் வைக்க நினைத்தவர், தலைத்தீபாவளிக்கு வாங்கியவர், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் திரும்பும்போது கொடுத்தனுப்ப எண்ணியவர். அவர்களுக்குப் பொருள் பிந்துவது மட்டுமில்லை, பயனே இல்லாமல் போகிறது. உங்கள் தேதிக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது, இப்போது பதிய வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிடு. ஒரு விற்பனை போகும், போகட்டும். அவர்களுக்கு விசேஷம் ஒருமுறைதான்.

தாமதம் ஆகும் என்று உனக்குத் தெரிந்த அன்றே எழுது. சொன்ன தேதி கடந்து, அவர்கள் கேட்டு, அதன்பின் சொல்வது பதிலாகாது. என்ன நடந்தது, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறாய், புதிய தேதி என்ன, பணம் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது: இவ்வளவு இருந்தால் போதும். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதாதே. மோல்டில் மூடி பொருந்தவில்லை என்று எழுது. தேங்காய் துருவத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் கூடுதல் நேரம் காத்திருக்கச் சம்மதிக்கிறார்கள் என்று ஹார்வர்டின் ரையன் பியூலும் மைக்கேல் நார்ட்டனும் 2011-இல் காட்டினார்கள். பட்டறைப் படங்களை அனுப்பு, நல்லதுதான். ஆனால் தேதி கேட்பவருக்குப் படம் மட்டும் போனால் அது ஏமாற்றாகவே படும்.

பணத்தைத் திருப்பித் தருவதில் நீ தயங்குகிறாய் என்று உன் எழுத்தில் தெரிந்தது. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, அறிவித்த காலத்துக்குப் பிந்திப் பொருள் வந்தால் விற்பனையாளர் பணம் திருப்பித் தர மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற, கையை மீறிய காரணத்தால் ஆன தாமதத்துக்குத்தான் விலக்கு. அமெரிக்காவில் 1975-லேயே அஞ்சல்வழி விற்பனைக்கு இப்படி ஒரு விதி போட்டார்கள்: தாமதம் என்றால் வாங்கியவரிடம் சொல்லி, காத்திருக்கிறாரா, பணம் வேண்டுமா என்று கேட்க வேண்டும். சட்டத்தை விடு. பணம் எப்போது கேட்டாலும் வரும் என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை, நான் கண்டது இதுதான். வராதோ என்ற சந்தேகம் வந்தால் எல்லாரும் ஒரே நாளில் கேட்பார்கள். முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வை. மோல்டுக்கு எடுத்தாலும் எவ்வளவு எடுத்தாய் என்று எழுதி வை. வாடகைக்கும் சம்பளத்துக்கும் அதைத் தொடாதே.

முதல் சில மாதம் தொலைபேசியை நீயே எடு. வேறு ஆளை வைத்தால் அவருக்கு உண்மை நிலவரம் தெரியாது, ‘அடுத்த வாரம் வந்துடும்ங்க’ என்று சொல்லிவிடுவார். அந்த அடுத்த வாரம் உன் பெயரில்தான் நிற்கும்.

முன்பதிவு அறிவிப்பை அச்சிடுவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, தேதியும் விலையும் எழுதிய வரிகளைப் பார்த்துத் தருகிறேன். உன் அத்தை ஒன்று பதிவு செய்யப்போகிறாள், முழுப் பணமும் கட்டித்தான். சொந்தக்காரர் என்று முதல் பெட்டியை எங்களுக்கு அனுப்பிவிடாதே. எங்கள் எண் எப்போது வருகிறதோ அப்போது அனுப்பு.

அன்புடன்,
மாமா