பாத்திரத்தில் ஒரு பெயர்

1. பெரிய வீடு

நம் நாட்டின் தலைநகரம் டில்லி. அங்கே சாணக்யபுரி என்று ஒரு பகுதி இருக்கிறது. அகலமான சாலைகள். ஓரமெல்லாம் மரங்கள். பல வெளிநாட்டுத் தூதரகங்கள் இங்கே உள்ளன. தமிழ்நாடு இல்லமும் இங்கேதான் இருக்கிறது.

சாணக்யபுரியை ஒட்டி ஒரு பெரிய மாளிகை உண்டு. அதன் பெயர் தீன் மூர்த்தி பவன். தீன் மூர்த்தி என்றால் மூன்று சிலைகள் என்று பொருள். மாளிகைக்கு எதிரே மூன்று போர்வீரர்களின் சிலைகள் நிற்கின்றன.

வெள்ளைக்காரர்கள் தங்கள் படைத் தளபதிக்காக இந்த மாளிகையைக் கட்டினார்கள். சுதந்திரம் வந்தது. 1948இல் பிரதமர் ஜவகர்லால் நேரு இங்கே குடிவந்தார். 1964 மே 27 அன்று அவர் இறந்தார். அதுவரை இதுதான் அவர் வீடு.

அதன் பிறகு அந்த வீட்டை என்ன செய்தார்கள்? பூட்டி வைக்கவில்லை. வேறு யாருக்கும் குடியிருக்கக் கொடுக்கவில்லை. அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 1964 நவம்பர் 14 அன்று குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் தொடங்கி வைத்தார். நேரு படுத்த அறை, எழுதிய அறை, படித்த புத்தகங்கள் எல்லாம் மக்கள் பார்க்க வைக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் இது எல்லாப் பிரதமர்களுக்கும் உரிய அருங்காட்சியகமாக விரிந்தது.

மதுரையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. அது காந்தி அருங்காட்சியகம். காந்தியடிகள் 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டார். அப்போது அவர் உடுத்தியிருந்த துணி இங்கே இருக்கிறது. அதில் இரத்தக் கறை இருக்கிறது.

கடையில் அந்தத் துணிக்கு என்ன விலை கிடைக்கும்? மிகக் குறைவு. ஆனால் அதன் முன்னால் வந்து நிற்பவர்கள் பேசாமல் நிற்கிறார்கள். பொருளுக்கு விலை ஒன்று உண்டு. மதிப்பு வேறொன்று உண்டு.

பெரிய தலைவர்களின் பொருள்களை அரசு காக்கிறது. காவலர் இருக்கிறார். பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எண் இருக்கிறது.

நம் வீட்டுப் பொருளை யார் காப்பது?

2. பாட்டியின் அண்டா

ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. கலியாணத்தின்போது தாய் வீட்டில் கொடுத்தது. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அந்த அண்டாவை இரவல் கேட்பார்கள். பாட்டி கொடுப்பார். விசேஷம் முடிந்ததும் பாத்திரங்கள் மலை போலக் குவிந்து கிடக்கும். எது யாருடையது? அண்டாவின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள்.

ஆனால் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். "இது நம்மளுதா, கொஞ்சம் படிச்சுச் சொல்லு கண்ணு" என்று பிள்ளைகளைக் கேட்பார்.

அறுபது வயதில் பாட்டி எழுத்தறிவு மையத்துக்குப் போனார். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தார். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். அவருடைய பெயர்தான். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து தனியாக இருந்தது. 'மா'.

"இது என்ன எழுத்து? உங்க தாத்தா பேரு 'மா'வுல தொடங்காதே" என்றார்.

பேத்தி யோசித்தாள். "பாட்டி, இது உங்க அப்பாவோட முதல் எழுத்து. கலியாணத்துக்கு முன்னாடியே பேரு வெட்டியிருக்காங்க" என்றாள்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. அப்பா இறந்து நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. அவருக்குப் புகைப்படம்கூடக் கிடையாது. அவர் மகளுக்கு விட்டுச் சென்ற எழுத்து அண்டாவில் இருந்தது. இத்தனை நாளும் அது கையில் பட்டுக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அந்த ஒரு எழுத்து இன்னொன்றையும் சொல்கிறது. இந்த அண்டா கணவர் வீட்டுச் சொத்து அல்ல. இது பாட்டியின் பொருள்.

3. பானையில் எழுதிய பெயர்

பாத்திரத்தில் பெயர் போடும் வழக்கம் புதியது அல்ல. சிவகங்கை மாவட்டத்தில் கீழடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே பூமியைத் தோண்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பானை ஓடுகள் கிடைத்தன. சில ஓடுகளில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள். அன்றைய தமிழ் எழுத்தில் எழுதியவை. 2023 முதல் அவற்றைக் கீழடி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கடல் கடந்தும் இந்த வழக்கம் போனது. எகிப்து நாட்டில் செங்கடல் ஓரத்தில் ஒரு பழைய துறைமுகம் இருந்தது. அங்கேயும் தமிழ்ப் பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்பவை அந்தப் பெயர்கள். நம் வணிகர்கள் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். தங்கள் பெயர் எழுதிய பானையையும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இது மண்பானைதானே! ஏன் பெயர் எழுதினார்கள்? 'இது என்னுடையது' என்று சொல்வதற்கு எழுத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. மனிதர் போய்விட்டார். பானை உடைந்துவிட்டது. ஓட்டில் இருக்கும் பெயர் இன்றும் சாட்சி சொல்கிறது.

4. சாணக்கியர் சொன்னது

சாணக்யபுரிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? சாணக்கியர் என்பவர் சந்திரகுப்த மௌரியரின் அமைச்சர். அவருக்குக் கௌடில்யர் என்றும் பெயர். 'அர்த்தசாஸ்திரம்' என்ற நூலை எழுதியவர் அவர் என்பார்கள். அரசன் எப்படி ஆள வேண்டும் என்று சொல்லும் பழைய நூல் அது.

இந்த நூல் பல நூறு ஆண்டுகளாகக் கிடைக்காமல் இருந்தது. தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதரிடம் ஓர் ஓலைச்சுவடி இருந்தது. அவர் அதை மைசூர் நூலகத்துக்குக் கொடுத்தார். நூலகத்தில் இருந்த ஷாமசாஸ்திரி 1905இல் அதைப் பார்த்தார். அது அர்த்தசாஸ்திரம் என்று கண்டுகொண்டார். 1909இல் அது அச்சில் வந்தது. பழைய ஓலைதானே என்று அடுப்பில் போட்டிருந்தால்?

அந்த நூல் பெண்ணின் பொருளைப் பற்றியும் பேசுகிறது. பெண்ணுக்கு உரிய பொருள் இரண்டு வகை என்கிறது. ஒன்று, பிழைப்புக்கு உரிய பணம். மற்றொன்று, நகை. கணவன் ஊரில் இல்லாதபோது பிள்ளைகளுக்காக அவள் அதைச் செலவிடலாம். பஞ்சம், நோய், ஆபத்து போன்ற காலங்களில் கணவனும் அதை எடுக்கலாம். சில வகைத் திருமணங்களில், எடுத்த பொருளை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

இன்று நாம் ஏற்க முடியாத விதிகளும் அந்த நூலில் உண்டு. நடத்தை தவறிய பெண் தன் பொருளை இழப்பாள் என்று அது சொல்கிறது. காலம் மாறிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்ணுக்கென்று தனிப் பொருள் உண்டு என்பதை அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

5. இன்றைய சட்டம்

பெண்ணுக்கு உரிய இந்தப் பொருளுக்கு ஸ்திரீதனம் என்று பெயர். சீதனம் என்றும் சொல்வார்கள். திருமணத்துக்கு முன்பும், திருமணத்தின்போதும், பின்பும் அவளுக்கு அன்பளிப்பாக வந்தவை எல்லாம் இதில் அடங்கும். தாய், தந்தை, அண்ணன், தம்பி, மாமன் கொடுத்தவை, கணவர் வீட்டார் அவளுக்குக் கொடுத்தவை எல்லாம் அவளுடையவை. முஸ்லிம் பெண்ணுக்கு மணமகன் தரும் மஹரும் அவளுக்கே சொந்தம்.

வரதட்சணை வேறு. அதைக் கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. அப்படி வாங்கிவிட்டாலும் அது வாங்கியவருக்குச் சொந்தம் ஆகாது. 3 மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும்.

1985இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. மனைவியின் நகை கணவர் வீட்டுப் பீரோவில் இருக்கலாம். அதனால் அது அவர்கள் சொத்து ஆகிவிடாது. அது நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும்போது தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம்.

2024இல் அதே நீதிமன்றம் மீண்டும் இதை உறுதி செய்தது. கஷ்ட காலத்தில் கணவர் மனைவியின் பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் துணை நிற்கிறது. இது எல்லா மதத்தாருக்கும் பொது. பெண்ணின் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம்.

சட்டம் இருக்கிறது. அப்படியானால் தகராறு ஏன் வருகிறது? "இது எங்கள் வீட்டு நகை" என்று ஒருவர் சொல்வார். "இல்லை, என் அம்மா போட்டது" என்று இன்னொருவர் சொல்வார். எதை வைத்துத் தீர்ப்பது? அங்கேதான் எழுத்து வேண்டும்.

6. பட்டியல் எழுதுவோம்

திருமண அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. பெண்ணுக்கு வந்ததைப் பெண் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் இவை இருக்க வேண்டும்:

பொருள் என்ன?
ஏறக்குறைய என்ன விலை?
யார் கொடுத்தது?
அவர் என்ன உறவு?

கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் முதலில் பட்டியலை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டியவரும் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைப்பவர் ஏமாந்துவிடக் கூடாது என்றே இப்படி விதி செய்தார்கள். உங்களுக்கு இனி அந்தக் கவலை இல்லை. நீங்களே படிக்கலாம். நீங்களே எழுதலாம்.

திருமணம் முடிந்து பல ஆண்டு ஆகிவிட்டதா? பரவாயில்லை. இப்போதும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நகைக்கு எடையை எழுதுங்கள். கடை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் தங்க நகையில் 6 இலக்கக் குறி ஒன்று இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த குறி. ஒவ்வொரு நகைக்கும் அது தனி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடகு வைக்க நேர்ந்தால் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சீட்டில் யார் பெயர் இருக்கிறது? எடை சரியா? வட்டி எவ்வளவு? மீட்கக் கடைசி நாள் எது? கடையிலேயே நின்று படித்துப் பாருங்கள்.

பொருள் கைவிட்டுப் போனால் கலங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். பெண்கள் உதவி எண் 181.

அந்தப் பாட்டியும் ஒரு நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் எழுதினார்: 'பித்தளை அண்டா 1. கொடுத்தது என் அப்பா.' அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார். பெயருக்கு முன்னால் 'மா' என்று போட்டார்.

சிந்திப்போம்

1. உங்கள் வீட்டில் விலை குறைந்த, ஆனால் மதிப்பு மிகுந்த பொருள் எது? அதைக் கொடுத்தவர் யார்?

2. சீதனத்துக்கும் வரதட்சணைக்கும் என்ன வேறுபாடு?

3. உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் யார் யார் பெயர் இருக்கிறது? படித்து எழுதுங்கள்.

4. உங்களுக்குச் சொந்தமான 5 பொருள்களுக்குப் பட்டியல் எழுதுங்கள். அதை உங்கள் மகளிடமோ மருமகளிடமோ படித்துக் காட்டுங்கள். அவருடைய பட்டியலையும் எழுதச் சொல்லுங்கள்.