கிணற்று வாளியைப் பற்றிச் சில யோசனைகள்

புதிதாகக் கிணறு வெட்ட நினைக்கிற குடும்பத்தார் நல்ல நாள் பார்த்து, நீரோட்டம் சொல்லத் தெரிந்தவரை அழைத்து இடம் குறித்து, ஊற்றுக்கண் திறக்கும் வரையில் மனம் படபடக்கக் காத்திருந்து, பிறகு உறை இறக்கி, கைப்பிடிச் சுவர் எழுப்பி, துவைகல் பதித்து, இராட்டினம் மாட்டி, இவ்வளவிலும் பணத்தையும் பிரயாசையையும் பாராமல் செலவிட்டபின், அந்த ஜலத்தை நாள்தோறும் மேலே கொண்டுவந்து சேர்க்கிற வாளியை மட்டும், கடைத்தெருவில் எது மலிவாகக் கண்ணில் பட்டதோ அதையே வாங்கிவந்து கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். கிணற்று நீரின் சுத்தம் ஊற்றைப் பொறுத்தது, உறையைப் பொறுத்தது என்று சொல்வார்கள், இரண்டும் உண்மையே. ஆனால் ஊற்றும் உறையும் செம்மையாக அமைந்த கிணற்றில், அதன்பின் உள்ளே போகிற அசுத்தத்தில் பெரும்பகுதி வாளியோடும் கயிற்றோடும்தான் போகிறது என்பது, பல வருஷங்கள் கிணற்றடியைக் கவனித்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான அபிப்பிராயம்.

எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. பழைய வீடுகளின் கொல்லையில் எல்லாம் சுட்டமண் உறைக் கிணறுகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதித்துவந்த நான், சுகாதாரப் பாடத்தைப் புத்தகத்தில் நடத்துவதைக் காட்டிலும் கிணற்றடியில் நடத்துவது மேல் என்று கருதி, மாணவர்களை அழைத்துப்போய் ஒரு சிறு பரீட்சை செய்து காட்டுவது வழக்கம். உபயோகத்தில் இருக்கும் வாளி ஒன்றை எடுத்து, அதன் அடிப்புறத்தை மட்டும், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறிது நீர் விட்டு அலம்பச் சொல்வேன். வாளியின் அடித்தகடு பக்கத் தகட்டோடு சேருமிடத்தில் விரற்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பு இறங்கி நிற்கும்; அந்த விளிம்பின் உள்மடிப்புதான் பார்க்கவேண்டிய இடம். தட்டில் முதலில் கறுப்பு மண் கரையும். பிறகு சாணத்தின் நார், சீயக்காய்த் திப்பி, சுருண்ட தலைமயிர், கோழி எச்சத்தின் வெண்மை, ஊறிப்போன சோற்றுப் பருக்கை ஒன்றிரண்டு, எல்லாம் மெல்லப் பிரிந்து வரும். சற்று முன்புவரை அந்த வாளி கிணற்றில் போய்வந்துகொண்டிருந்தது என்பதை நான் எடுத்துச்சொல்லத் தேவை இருந்ததில்லை.

இது அருவருப்பைப் பற்றிய விஷயம் மாத்திரம் அன்று. 1884-ஆம் வருஷம் கல்கத்தாவில், ஜனங்கள் குளித்தும் துணி துவைத்தும் குடித்தும் வந்த ஒரே குளத்து நீரில், ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி காலராக் கிருமியைக் கண்டறிந்தார். நம் கிணறுகளுக்கு இதைவிட நெருங்கிய பாடம் நரம்புச் சிலந்தி நோயில் இருக்கிறது. நோயாளியின் காலில் தலைகாட்டும் புழு, அவர் படிக்கிணற்றில் இறங்கி நிற்கும்போது நீரில் குஞ்சுகளை விடும். அவற்றைக் கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் நீர்ப்பூச்சிகள் விழுங்கும். அந்த நீரை வடிகட்டாமல் குடித்தவர் உடம்பில் அவை வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப்பின் மறுபடியும் காலில் புண்ணாக வெளிப்படும். படிக்கிணறுகளைச் சேந்து கிணறுகளாக மாற்றியதும், துணியில் வடிகட்டிக் குடிக்கப் பழக்கியதும் முக்கிய சாதனங்களாக, அந்த நோய் இந்தியாவில் 1996-ல் கடைசியாகக் காணப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. மனிதனுடைய கால் நீரில் இறங்காதபடி தடுத்தது அதில் பெரிய காரியம். ஆனால் சேந்து கிணற்றிலே கால் இறங்காவிட்டாலும், கால் நின்ற தரையில் நின்ற வாளி இறங்குகிறது. வாளியைத் திருத்தாத வரையில் படிக்கட்டை முழுவதும் மூடிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, வேறு எந்தப் புதுமையும் செய்ய வசதியில்லாதவர்கள் ஒரு காரியமாவது செய்யவேண்டும்: இராட்டினத் தூணில், மார்பளவு உயரத்தில், தடித்த இரும்புக் கொக்கி ஒன்றை அடித்து, சேந்தி முடித்த வாளி அதில் தொங்குவதே அல்லாமல் எக்காலத்திலும் தரையைத் தொடலாகாது என்று வீட்டில் ஒரு நியமம் ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். வாளியைத் தரையில் வைப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று. நிறைந்த வாளியைக் குடத்தில் சாய்ப்பதற்கு ஒரு கை மேல்பிடியிலும் ஒரு கை அடியிலும் இருந்தாகவேண்டும். கையை மாற்றிக்கொள்வதற்காகவே வாளியைக் கீழே இறக்குகிறார்கள். அடியிலிருந்து நாலு விரல் மேலே, பக்கவாட்டில், இரண்டாவது பிடி ஒன்றைத் தறைந்துவிட்டால் தரையில் வைக்கும் அவசியமும் போய்விடும், உள்ளங்கை அடித்தகட்டில் படுவதும் நின்றுவிடும்.

இனி வாளி நீரை மொள்ளும் விதத்தைப் பார்ப்போம். சாதாரண வாளி நீரில் நேராக விழுந்தால் மிதக்கும்; கயிற்றை ஒரு சுண்டு சுண்டிச் சாய்த்தால்தான் வாய்வழியே நீர் புகும். சுண்டத் தெரியாதவர்கள் வாளியின் விளிம்பில் ஒரு பக்கமாய்க் கனமான வளையம் ஒன்றைக் கட்டி, அது தானே சாயும்படி செய்துகொள்வதும் உண்டு. எப்படிச் சாய்ந்தாலும், முதலில் உள்ளே புகுவது மேற்பரப்பு நீர்: காற்றில் வந்த தூசியும், வேப்பம் பூவும், செத்த பூச்சியும், பாசியின் ஆடையும் எந்த இடத்தில் மிதக்கின்றனவோ அந்த இடத்து நீர். ஒரு முழம் கீழே தெளிந்த ஜலம் நிற்க, மேலே உள்ள ஏட்டை வழித்துக்கொண்டு வருவதற்கென்றே அமைந்தது போன்றது நம்முடைய வாளி.

அடியில் வாய் வைத்த வாளியே இதற்குப் பரிகாரம் என்று எனக்குப் பட்டது. எங்கள் ஊர்க் கடைவீதியில் தகரவேலை செய்துவந்த பெரியவர் ஒருவரிடம் போய், 20 சென்டிமீட்டர் விட்டமும் 32 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நேர் உருளையாக ஒரு வாளி செய்து, அடியின் நடுவே 5 சென்டிமீட்டர் விட்டத்தில் துவாரம் விட்டு, அதன்மேல் உட்புறமாக ஒரு வட்ட ரப்பரை ஒரு பக்கம் தறைந்துவிடவேண்டும் என்று கேட்டேன். அந்த அளவில் பாத்திரம் 10 லிட்டர் கொள்ளும். அவர் நான் வரைந்து காட்டிய படத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் மட்டும் ஆணி அடிச்சா நாளாவட்டத்துல ரப்பர் மடிஞ்சு போகும், வாத்தியாரய்யா. நடுவுல ஒரு கம்பி விட்டு, நேரா மேல எழும்பி நேரா கீழ உட்கார்ற மாதிரி வச்சுக்குவோம்” என்றார். அந்த ஒரு வார்த்தையினால் யோசனை முழுமை பெற்றது. ரப்பருக்கு மேலே ஒரு தகட்டு வட்டம். இரண்டையும் ஊடுருவிக் கீழே நாலு விரல் நீண்டு நிற்கும் எவர்சில்வர் கம்பி. அந்தக் கம்பி இப்படி அப்படிப் போகாமல் வழிகாட்டுவதற்குத் துவாரத்தின் குறுக்கே ஒரு சிறு பட்டை. கம்பிக்குத் தரையில் அடிபடாமல் இருக்க, வாளியின் கீழ்விளிம்பு 8 சென்டிமீட்டர் இறங்கி, நீர் புகப் பக்கங்களில் வாயில்கள் விட்டு நிற்கும்.

இதன் இயக்கம் மிகவும் எளிது. காலி வாளி நீரில் பட்டவுடன் தன் கனத்தினால் சிறிது அமிழும். அமிழ்ந்த அளவுக்கு வெளிநீர் உள்நீரைவிட உயர்ந்து நிற்பதால், அந்த உயர வித்தியாசத்தின் அழுத்தமே ரப்பரைத் தூக்கி வழி திறந்துவிடும். கயிற்றைச் சுண்டாமலே வாளி அடியிலிருந்து அமைதியாக நிரம்பும். மேலே இழுக்கத் தொடங்கியதும் உள்ளே நிற்கும் ஜலத்தின் பாரம், அந்தச் சிறு துவாரத்தின்மேல் மட்டும் அரைக் கிலோவுக்கு மேற்பட்டது, ரப்பரைத் தானே அழுத்தி மூடிக்கொள்ளும்.

ஆனால் மேல்வாய் திறந்திருக்குமானால் இவ்வளவும் வீண். நிரம்பிய வாளி தன் கனத்தினால் இன்னும் அமிழ்ந்து, விளிம்பு நீர்மட்டத்தைத் தொட்டவுடன், எந்த மேற்பரப்பு நீரைத் தவிர்க்க விரும்பினோமோ அதுவே சுற்றிலும் இருந்து சரிந்து உள்ளே விழும். அதனால் மேலே கூம்பு வடிவமான ஒரு மூடியும், மூடியின் உச்சிக்கருகில் காற்றுப் போக 2 சென்டிமீட்டர் விட்டத்தில் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு குழலும் அவசியம். வாளி முழுவதும் மூழ்கினாலும் அந்தக் குழல் கொள்ளும் நீர் இரண்டு மேஜைக் கரண்டிக்கு மேல் இராது. கயிற்றில் வழிந்து சொட்டும் நீரையும் கூம்பு மூடி வெளியே தள்ளிவிடுகிறது. இந்த லாபத்தை நான் முதலில் எதிர்பார்க்கவில்லை. குழல் அடைபட்டால் உள்ளிருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் வாளி நிரம்பாது. குளவி கூடு கட்டுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளவேண்டும்.

மூடியை ஈயம் வைத்து ஒட்டிவிடலாம் என்றுதான் தகரக்காரர் சொன்னார். அப்போது எங்கள் அண்டைவீட்டுப் பாட்டியம்மாள், “மூடி வச்ச வாளிக்குள்ள பாசி பிடிச்சா யார் கண்ணுக்குத் தெரியும், தம்பி? கை போகாத பாத்திரத்தை நான் தேய்க்கிறது எப்படி?” என்று கேட்டார். ஒரு வாழ்நாள் முழுவதும் பாத்திரம் துலக்கிய கையின் நியாயம் அது. கீலும் கொக்கியும் வைத்து, மூடி முழுவதும் திறக்கும்படி அமைத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, வெந்நீர் ஊற்றி, திறந்தபடியே வெயிலில் காயவிடுவது நல்லது.

நீரை வெளியேற்றும் முறையிலும் ஒரு சௌகரியம் உண்டு. இடுப்புயரத்தில் ஒரு இரும்பு வளையத் தாங்கி, அதன் நடுவே செங்குத்தாக ஒரு முளை, கீழே குடம். வாளியைத் தாங்கியில் இறக்கினால் முளை கம்பியை மேலே தள்ளும், ரப்பர் எழும்பும், ஜலம் நேரே குடத்தில் இறங்கும். கை நீரில் படவும் இல்லை, வாளியைச் சாய்க்கவும் இல்லை. இந்த யுக்தி உலகத்துக்குப் புதிதன்று. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரத்துப் பிளேர் ஆராய்ச்சிக் கூடத்தில் பீட்டர் மார்கன் என்பவர், குறுகலான துளைக்கிணறுகளில் இறக்கி எடுக்கும்படி, அடியில் வால்வு வைத்த நீண்ட உருளை வாளி ஒன்றை 1980-களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அகன்ற கிணற்றுக்கு அவ்வளவு ஒடுக்கமான வாளி வேண்டியதில்லை, தத்துவம் ஒன்றே.

கயிற்றைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இராட்டினத்தில் சேந்தும்போது, இழுத்த கயிறு காலடியில் சேற்றில் சுருண்டு விழுகிறது. வாளியை மறுபடி இறக்கும்போது அந்தச் சேறு தோய்ந்த பகுதியே கிணற்றின் குழிக்குள் தொங்கி, சொட்டுச் சொட்டாக நீரில் விழுகிறது. நிலையான இராட்டினம் பாரத்தின் திசையை மாற்றுமே தவிர, பாரத்தைக் குறைப்பதும் இல்லை. இதற்குப் பதிலாக, கிணற்றின் குறுக்கே 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள மர உருளை ஒன்றை வைத்து, அதற்கு 30 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடி மாட்டினால், கயிறு உருளையிலேயே சுற்றிக்கொண்டு தரையைத் தொடாது. 12 கிலோ பாரத்துக்கு, உராய்வு நீங்கலாக, 3 கிலோ அளவு பலமே போதும். தினந்தோறும் சேந்திச் சேந்தித் தோள்பட்டை நொந்துபோன நம் வீட்டுப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள். தேங்காய் நார்க் கயிறு நாளடைவில் நைந்து நாராக உதிரும், ஈரத்தையும் விடாது. நைலான் கயிறு சீக்கிரம் காயும். வாளியோடு சேரும் கடைசி மூன்று முழத்துக்குச் சங்கிலி போட்டுவிட்டால் கயிறு நீரில் நனையவே நனையாது.

கோடையில் நீர்மட்டம் இறங்கி, வாளி அடிமண்ணைத் தட்டும் காலம் வரும். அடியால் நீர் மொள்ளும் வாளிக்கு இதுவே பெரிய சத்துரு. மணல் ஒரு துளி ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கினாலும் மேலே வருவதற்குள் பாதி ஒழுகிவிடும். உருளையிலிருந்து எவ்வளவு கயிறு இறங்கலாம் என்பதை, அடிமண்ணுக்கு ஒரு முழம் மேலே நிற்கும்படி அளந்து, அந்த அளவோடு கயிற்றை உருளையில் கட்டிவிடவேண்டும். நீர் அதற்கும் கீழே போனால் தூர் வார வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

உலோகத்தில் சிக்கனம் பார்க்கலாகாது. பொருத்துவாய்களைக் காரீயம் கலந்த பற்று வைத்து அடைக்கிற வழக்கம் உண்டு; குடிநீர்ப் பாத்திரத்துக்கு அது ஆகாது. மடித்துத் தறைந்த எவர்சில்வர் தகடு விலை கூடியதானாலும் நீண்ட நாள் உழைக்கும்.

பொதுக் கிணறுகளில் வீட்டுக்கொரு வாளி வருவது பெருந்தீங்கு. அத்தனை கொல்லைகளின் மண்ணும் ஒரே நீரில் கலக்கிறது. ஊருக்குப் பொதுவாக ஒரே வாளி, கிணற்றோடு பூட்டித் தொங்கவிட்டதாக இருக்கவேண்டும். அதை எல்லாரும் தொடவேண்டும். கிணறுகளில் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று நம் அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு சொல்லியிருந்தும், மனிதன் கை பட்டால் தீட்டென்று தனித்தனி வாளி கொண்டுவந்த ஊர்கள் உண்டு. அந்தத் தனித்தனி வாளிகள்தாம் கிணற்றை மெய்யாகவே கெடுத்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எவ்வளவு நல்ல வாளியானாலும் மருந்திடுவதை நிறுத்தலாகாது. நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் எடுத்து, ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றில் சேர்க்கவேண்டும். பிறகு இந்த அடிவாய் வாளியைப் பலதரம் ஏற்றி இறக்கினால் மருந்து ஆழம் வரை நன்றாகக் கலந்துவிடும். ஒரு மணி நேரமாவது சென்றபின்பே நீர் எடுக்கலாம். இரவில் இட்டுவிட்டால் காலையில் எவருக்கும் இடைஞ்சல் இராது.

வாளியில் முதலில் கெடுவது ரப்பர்தான். லாரி டியூபின் தடித்த பகுதியில் வெட்டியதை, வாடை போக வெந்நீரில் ஊறவைத்து உபயோகிக்கலாம். நிறைந்த வாளியைக் கொக்கியில் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். அதே அளவில் இன்னொன்றை வெட்டி, தூணில் ஒரு கம்பியில் கோத்து வைத்தால், கசிவு கண்ட அன்றே வீட்டில் உள்ள எவரும் மாற்றிவிடலாம். அதற்கு ஒரு திருப்புளி போதும்.